மூன்றாம் ஆண்டு அறிவியலும் லெட்சுமி அக்காவின் நேர்காணலும்

1

போன மாதம் எங்கள் வீட்டில் மீன் நின்றுபோனது. கோழியும் நின்றது. பக்கத்து வீட்டு அம்மா ஆசையாகக் கொடுத்த முட்டைகூட வாசலோடு திரும்பிப் போனது. வீட்டில் யாரும் மாலை போடவில்லை. யாருக்கும் உடம்பு முடியாமலும் போகவில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் என் மகளின் மூன்றாம் ஆண்டு அறிவியல் பாடம். ஆண்டு என்றால் இங்கே வகுப்பு.

இதை எழுத என்னை உட்கார வைத்தது மானாமதுரையில் இருக்கும் என் பி.எட். தோழிகள். எங்களுக்கென்று ஒரு வாட்ஸாப் குழு இருக்கிறது. அதில் ஒருத்தி நீளமான பட்டியல் ஒன்றை அனுப்பியிருந்தாள். வீட்டிலேயே பிள்ளைகளோடு மகிழ்ச்சியாகச் செய்ய ஏற்ற கல்விச் செயல்பாடுகளாம். காகிதக் கப்பல், எரிமலை, விதை முளைக்க வைப்பது, கடை விளையாட்டு என்று போய்க்கொண்டே இருந்தது. அதற்குக் கீழே எனக்கென்று தனியாக ஒரு வரி: “செல்வி, நீ ஃபாரின்ல இருக்க, வேலைக்கும் போகல. பிள்ளைகளோட இதெல்லாம் எவ்வளவு அழகாச் செய்வ! உன் அனுபவத்த எழுதேன், நாங்களும் தெரிஞ்சிக்கிறோம்.”

ஃபாரின்! மலேசியாவின் ஈப்போவில், ஜெலாப்பாங் தொழிற்பேட்டைக்குப் பின்னால், முன்னே ஒரு காடி மட்டும் நிற்க இடமுள்ள வரிசை வீடு. காடி என்றால் கார். வந்த புதிதில் நானும் மாட்டு வண்டியைத்தான் தேடினேன். இந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு நான் சீமாட்டி மாதிரி எரிமலை செய்துகொண்டிருப்பதாக அவளுக்கு நினைப்பு. சரி, கேட்டுவிட்டாள், எழுதுகிறேன். மகிழ்ச்சியாகச் செய்தோமா என்பதைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

2

ஊரில் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வகுப்பு நிறையப் பிள்ளைகள். விதையைக் கண்ணாடி டம்ளரில் வைத்துக் காட்டலாம் என்று ஒருமுறை கேட்டதற்கு, “போர்ஷனை முடிங்க மேடம், விதை தானா முளைக்கும்” என்றார் தலைமையாசிரியர். கல்யாணமாகி இங்கே வந்தேன். மனைவி என்ற பெயரில் தங்க அனுமதி கொடுத்தார்கள். வேலை பார்க்கக் கூடாது என்று அதிலேயே ஒரு வரி. பிறகு தனியாக மனுப் போட்டால் வேலைக்கும் அனுமதி தருவார்கள் என்றார்கள். மனுப் போட்டேன். ஒரு தாள் குறைகிறது என்றார்கள். அதைக் கொடுத்தேன். இன்னொரு தாள் பழசாகிவிட்டது என்றார்கள். இப்படியே பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு வந்துவிட்டார்கள்.

ஆக, என் வகுப்பில் இப்போது இரண்டே மாணவர்கள். மூத்தவள் கவிநயா, ஒன்பது வயது. இளையவன் தர்ஷன், ஏழு. இரண்டு பேரும் எப்போது தப்பித்து ஓடலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும் மாணவர்கள்.

பின்னம் சொல்லித்தரத் தோசையை நான்காக வெட்டினேன். “இதில் ஒன்று எடுத்தால் மீதி எவ்வளவு?” என்று கேட்டு முடிப்பதற்குள் தர்ஷன் எல்லாவற்றையும் தின்றுவிட்டு, “சைபர்” என்றான். சத்துமாவு அட்டைப் பெட்டிகளை வெட்டி, மாநிலம் மாநிலமாகக் கோத்து விளையாட மலேசிய வரைபடம் ஒன்று செய்தேன். ஜொகூர் மாநிலத்தைக் கொண்டுபோய் ஜன்னல் ஆடாமல் இருக்க முட்டுக்கொடுத்தார்கள். வீட்டுக்குள் இருக்கும் பொருளுக்கெல்லாம் தமிழ்ப் பெயர் எழுதி ஒட்டினேன். கவிநயா ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அம்மா, நீங்க படத்துல பேசுற மாதிரியே எழுதுறீங்க லா. இங்க யாரும் இப்பிடிச் சொல்ல மாட்டாங்க.” அந்த ‘லா’ இங்கே எல்லார் பேச்சுக்கும் வால். அவள் தம்பியிடம் பேசுவது பாதி மலாய், பாதி ஆங்கிலம். என்னிடம் பேசும்போது மட்டும் தமிழுக்கு மாறுவாள், பெரியவர்களைக் கண்டதும் எழுந்து நிற்பதுபோல. எனக்கு அது மரியாதையாகத் தெரியவில்லை. தூரமாகத்தான் தெரிந்தது.

வீட்டில் இன்னும் இரண்டு பேர். என் வீட்டுக்காரர் சேகர் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். எதைச் சொன்னாலும் “பாத்துக்கலாம் லா” என்பார், அதோடு மறந்துபோவார். அவருடைய அக்கா லெட்சுமி, எங்களோடுதான் இருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு டோபி கடையில் துணி மடிக்கிற வேலை. அறுபதை நெருங்குகிறார், முட்டி வலி உண்டு, வாய்க்கு மட்டும் எந்த வலியும் கிடையாது. நான் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து என் அனுமதியைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் கூடவே வந்து, வரிசையில் எனக்காகச் சண்டை போடுகிறவர் அவர்தான்.

3

பள்ளியிலிருந்து பெற்றோர் குழுவுக்கு ஒரு செய்தி வந்தது. செடிக்கு என்னென்ன தேவை என்பது பாடம். பிள்ளைகள் இரண்டு டின்களில் விதை போட வேண்டும். ஒன்று வெளிச்சத்தில், ஒன்று இருட்டில். தினமும் தண்ணீர் ஊற்றி, அளந்து, படம் வரைந்து கொண்டுவர வேண்டும். எனக்கு அன்றைக்குத் தீபாவளி. என் தலைமையாசிரியர் செய்ய விடாததை இந்த நாட்டில் வீட்டுப்பாடமாகவே கொடுக்கிறார்களே!

பாசிப்பயற்றை ஊற வைத்தேன். கவிநயா எட்டிப் பார்த்தாள்.

“அம்மா, இது தௌகேதானே? பாசார்ல ஒரு பேக்கெட் வாங்கி ஒட்டிடலாம் லா. டீச்சருக்குத் தெரியாது.”

தௌகே என்பது முளைகட்டிய பயறு. ஈப்போத் தௌகே கொழுகொழுவென்று இருக்கும், கோழிச்சோற்றுக்கு அதைத் தொட்டுக்கொள்ளவே வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். அந்த ஊரில் பிறந்த பிள்ளைக்குப் பயறு முளைப்பது ஓர் அதிசயமா? ஆனால் நான் விடவில்லை. “உள்ளதை உள்ளபடி பாத்து எழுதணும், அதுதான் அறிவியல்” என்று ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன். பால் டின்களில் மண் போட்டு விதைத்தோம். ஒரு டின் ஜன்னலோரம் போனது. இன்னொன்றை எங்கே வைப்பது? இந்த வீட்டில் இருட்டான இடம் ஒன்றே ஒன்றுதான். சமையலறைக்குப் பக்கத்தில், உபரி காஸ் சிலிண்டரும் பழைய சாமான்களும் கிடக்கும் சின்ன அறை. அதன் மூலையில் வைத்துக் கதவைச் சாத்தினேன்.

மூன்றாம் நாள் தண்ணீர் ஊற்றலாம் என்று கதவைத் திறந்தால், பகீரென்றது. காஸ் சிலிண்டருக்கு ஒரு முழம் தள்ளி விளக்கு எரிகிறது. டின்னைச் சுற்றி மஞ்சள் துணி. நெற்றி நிறையக் குங்குமம் வைத்த மாதிரி பால் டின் பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது. விளக்கை ஊதி அணைத்துவிட்டு, “அக்கா!” என்று கத்தினேன்.

லெட்சுமி அக்கா தலைக்குக் குளித்த ஈரத்தோடு வந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

“ஒரு வார்த்த சொல்லல பாத்தியா, புள்ள. ஒங்க ஊருப் பக்கம் இது எவ்ளோ பெரிய விசேஷம்னு எனக்குத் தெரியாதா? எங்க எஸ்டேட் கோயில்லயும் முளைப்பாரி போடுவாங்க. நானே தூக்கியிருக்கேன். இருட்டு ரூமு, பால் டின்னு, பாசிப்பயறு. பாத்த ஒடனே புரிஞ்சிருச்சி லா.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் சிவகங்கைச் சீமையில் அம்மனுக்கு நேர்ந்துகொண்டு, இருட்டறையில் பயறு முளைக்கப் போடுவோம். ஆம்பளைகள் அந்தப் பக்கம் போகக் கூடாது. வீட்டில் கவுச்சி கூடாது. முளை செழித்து வளர்ந்தால் நினைத்தது நடக்கும் என்பார்கள். கடைசியில் ஊர்வலமாகத் தூக்கிப்போய் ஆற்றிலோ குளத்திலோ கரைப்பார்கள். மூன்றாம் ஆண்டு அறிவியலும் அம்மன் கோயில் முளைப்பாரியும் பார்வைக்கு ஒன்றேதான் என்பது எனக்கு இத்தனை நாளாகத் தோன்றவே இல்லை.

“எனக்காகத்தானே போட்ட?” என்றார் அக்கா.

“எதுக்குக்கா?”

“தெமுடுகாவுக்கு. வார செவ்வாக்கெழம வரச் சொல்லியிருக்காங்க. தம்பி சொல்லலையா?”

4

தெமுடுகா என்றால் நேர்காணல். தம்பி சொல்லவில்லை. தம்பிக்கு மறந்துவிட்டதாம். ராத்திரி கேட்டபோது, “சொல்லலாம்னுதான் இருந்தேன் லா” என்றார். இந்த மனுஷரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்கியாக வேண்டும். அக்கா பிறந்தது சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், லயம் என்கிற கூலியாட்கள் வரிசை வீட்டில். பிரசவம் பார்த்தது பக்கத்து வீட்டுப் பெண்கள். அப்பா நேரத்தோடு போய்ப் பதிவு செய்யவில்லை. மழை, வேலை, டவுனுக்குப் போக நேரமில்லை. அதோடு அந்தப் பிள்ளை குடிமகள் ஆகாமல் வெறும் நிரந்தரவாசி ஆனது. கையில் சிவப்பு அடையாள அட்டை. பல வருடம் கழித்துப் பிறந்த என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் பிறந்தார். தாளெல்லாம் அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவர் கையில் குடிமகனின் நீல அட்டை. ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே லயம். தம்பி ஓட்டுப் போடப் போவார், அக்கா வாசல்வரை கூடப் போய்விட்டு டீக்கடையில் காத்திருப்பார். அரசாங்கம் எதைக் கொடுத்தாலும் முதல் கேள்வி “நீல ஐசி இருக்கா?” என்பதுதான். அக்கா குடியுரிமைக்கு எத்தனையோ முறை மனுப் போட்டாயிற்று. ஒன்றுக்கும் பதில் இல்லை, அல்லது இல்லை என்று பதில். இந்த முறைதான் நேரில் கூப்பிட்டிருக்கிறார்கள். மலாயில் பேச வேண்டும், வாசிக்க வேண்டும், நாட்டைப் பற்றிக் கேட்பார்கள்.

“இந்தத் தடவ போச்சின்னா நான் இனிமே மனுப் போட மாட்டேன், புள்ள. செத்தா செவப்பு ஐசியோட போறேன்” என்றார்.

இதற்குமேல், “அக்கா, அது கவிநயாவோட வீட்டுப்பாடம்” என்று நான் எப்படிச் சொல்வேன்? நீங்களாக இருந்தால் சொல்வீர்களா? விளக்கை மட்டும் காஸ் சிலிண்டரிலிருந்து தள்ளி, வெளியே மேடையில் வைக்கச் சொன்னேன். அதைப் பெரிய மனதோடு ஒத்துக்கொண்டார். கதவை மட்டும் யாரும் திறக்கக் கூடாதாம். தண்ணீர் அவர்தான் ஊற்றுவாராம். மீன் அன்றோடு நின்றது.

இப்போது கவிநயா அழ ஆரம்பித்தாள். அளக்க வேண்டும், வரைய வேண்டும், டின் உள்ளே சாமியாகிவிட்டது. சரி, இன்னொரு டின் போடுவோம் என்றேன். இருட்டு? சேகர்தான் வழி சொன்னார்: “காடி பின்னாடி வையி லா, அங்க எந்த வெளிச்சமும் போகாது.” டிக்கிக்குள் வைத்தோம். அவர் காடியை வேலைக்கு ஓட்டிக்கொண்டு போய் நாள் முழுக்க வெயிலில் நிறுத்தினார். மறுநாள் திறந்து பார்த்தபோது பயறு முளைக்கவில்லை. அவிந்திருந்தது. “உப்புப் போட்டா சுண்டல்” என்றார். நான் அவரோடு அன்று முழுக்கப் பேசவில்லை.

பிள்ளையோ பொறுமையிழந்து, சோறு சாப்பிடும்போது அக்காவிடமே கேட்டுவிட்டாள்.

“அத்தை, அந்தச் செடி எப்பிடி இருக்கு?”

“நல்லா நெடுநெடுன்னு வளந்திருக்கு, கண்ணு. ஜன்னல்ல இருக்கிறத விட ஒசரம். மஞ்சக் கலரு, அப்பிடியே தங்கம்.”

“அது நல்லதில்ல அத்தை. புக்ல போட்டிருக்கு. வெளிச்சம் இல்லன்னா செடி மஞ்சளா நீளமா போவும், ஆனா தெம்பு இருக்காது. கொஞ்ச நாள்ல விழுந்துரும்.”

அக்கா பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார். நான் மேசைக்கடியில் பிள்ளையின் காலை மிதித்தேன். அவள் எங்கே விட்டாள்? “நீங்கதானே உள்ளத உள்ளபடி எழுதணும்னு சொன்னீங்க?” என்று என்னையே திருப்பிக் கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல், “சாப்பிடும்போது பேசாத” என்றேன். இரண்டு வருடம் வாத்தியார் வேலை பார்த்ததில் நான் கற்றுக்கொண்ட ஒரே தற்காப்பு அதுதான்.

அக்கா அவளிடமே கேட்டார்: “ஒங்க டீச்சர் எங்க பொறந்தவங்க?”

“தஞ்சோங் மாலிம், அத்தை.”

“அப்ப அவங்களுக்கு முளைப்பாரி தெரியாது” என்று சொல்லிவிட்டு மறுபடி சோற்றைப் பிசைந்தார். தஞ்சோங் மாலிமுக்கும் அவர் பிறந்த தோட்டத்துக்கும் கொஞ்சம்தான் தூரம். ஆனால் அந்தக் கணத்தில் அவரோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. ஞாயிற்றுக்கிழமை முளைப்பாரியைக் கரைப்பது, கரைப்பதற்கு முன் பிள்ளை அளந்துகொள்வது. சேகர் கிந்தா ஆற்றங்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனார். அக்கா பால் டின்னைத் தலையில் வைத்துக்கொண்டு, முட்டி வலியோடு, காடியிலிருந்து தண்ணீர்வரை நடந்தார். பின்னாலேயே கவிநயா அடிக்கோலோடு ஓடினாள். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. அவள் எழுதிக்கொண்டு போன விடை இது: “இருட்டில் வைத்த செடி உயரமாக வளர்ந்தது. நிறம் மஞ்சள். அத்தை தினமும் பார்க்க விடவில்லை. ஆற்றில் விட்டோம்.” டீச்சர் அதற்குக் கீழே ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு அனுப்பியிருந்தார்.

5

செடிக் கதை நடந்துகொண்டிருந்தபோதே அக்காவுக்குப் படிப்பும் நடந்தது. கடையில், சந்தையில் அக்கா பேசும் மலாய் எந்த மலாய்க்காரரையும் வாயடைக்க வைக்கும். ஆனால் அலுவலக மலாய் வேறு. அதை அச்சில் பார்த்தாலே அவருக்கு வியர்க்கிறது. எனக்கோ அலுவலக மலாய் புரியும், வாயில் வராது. எனவே நான் பாடம் தயாரிப்பது, பிள்ளைகள் நடத்துவது என்று முடிவானது.

என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள். எனக்கு முன்னால் கொட்டாவி விட்ட அதே பிள்ளைகள், அத்தைக்குச் சொல்லித்தர வேண்டும் என்றதும் துள்ளிக் குதித்தார்கள். அட்டை வரைபடம் வெளியே வந்தது. ஜன்னலிலிருந்து ஜொகூரை உருவிக்கொண்டு வந்தார்கள். ருக்குன் நெகாரா என்று இந்த நாட்டுக் கொள்கைகள் ஐந்து உண்டு. அதை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். கவிநயா காடி நிற்கும் இடத்தில் சாக்பீஸால் பாண்டிக் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒன்றாக எழுதினாள். தாண்டிக்கொண்டே சொல்ல வேண்டும். அக்காவால் தாண்ட முடியாது, நடந்தார். “மொதக் கட்டம் பிரச்சினையில்ல, அது சாமி” என்பார். சட்டத்தை மதிப்பது நாலாவது கட்டம். அதில் ஒவ்வொரு முறையும் வார்த்தை மறந்துபோய் நின்றார். தர்ஷன் “அவுட்!” என்று கத்துவான். ஊரில் நான் எழுதிய எந்தப் பாடத்திட்டத்திலும் இவ்வளவு நல்ல செயல்பாடு ஒன்று இருந்ததில்லை. கண்டுபிடித்தது நான் இல்லை என்பதில் எனக்கு வருத்தம்தான்.

அதைவிட நன்றாக நடந்தது ஆபீஸ் விளையாட்டு. சாப்பாட்டு மேசைதான் கவுண்டர். தர்ஷன் காவலாளி, தாளில் எண் எழுதிக் கொடுப்பான். கவிநயா அப்பாவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதிகாரி ஆவாள். அவள் உட்கார்ந்த விதத்தைப் பார்க்க வேண்டுமே! முதலில் தலை நிமிராமல் ஏதோ எழுதுவாள். பிறகு ஒரு தாளை விரலால் தட்டுவாள். “இது கோப்பி. அசல் எங்க?” என்பாள். அசலைக் கொடுத்தால், “இன்னிக்கி சிஸ்டம் இல்ல” என்பாள். யார் சொல்லிக்கொடுத்தது? யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. என் அனுமதியைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் என் மடியிலும் பக்கத்து நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்ததுதான். என் பிள்ளைகள் மிருகக்காட்சி சாலையைவிடக் கவுண்டரைத்தான் அதிகம் பார்த்திருக்கிறார்கள்.

ஒரே ஆளை எத்தனை முறைதான் கேள்வி கேட்பது? அடுத்து என்னையும் வரிசையில் நிறுத்தினார்கள். “பிலா டாத்தாங் மலேசியா?” என்றாள் மகள். எப்போது மலேசியா வந்தாய்? இதுதான் என்னை எங்கேயும் முதலில் கேட்பது. “டுவா ரிபு திகா பெலாஸ்” என்றேன். இரண்டாயிரத்துப் பதின்மூன்று. என் உச்சரிப்பைக் கேட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தர்ஷன் அதை ஒரு பாட்டாகவே ஆக்கிவிட்டான். டுவா ரிபு, திகா பெலாஸ் என்று தட்டில் தாளம் போட்டான். அக்காவும் அவனோடு சேர்ந்து, டோபி கடைக்குப் புறப்படும்போதுகூட அதையே முணுமுணுத்துக்கொண்டு போனார். வீட்டில் எல்லாருக்கும் நான் கேலிப்பொருள். போகட்டும், பிள்ளை என்னோடு சிரித்துப் பேசுகிறாளே என்று நானும் மறுபடி மறுபடி சொல்லிக் காட்டினேன்.

6

செவ்வாய்க்கிழமை சேகர் லீவு போட்டார். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு மூன்று பேரும் போனோம். அக்கா, தீபாவளிக்கு எடுத்த சேலையைக் கட்டியிருந்தார். பெயர் கூப்பிட்டதும் எழுந்தவர், எங்களைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார். நான் வெளியே நாற்காலி நுனியில் உட்கார்ந்து, அவருக்காக ஐந்து கொள்கைகளையும் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. காடியில் ஏறியதும் கொட்டித் தீர்த்தார்.

“எல்லாம் கேட்டாரு, எல்லாம் சொன்னேன் லா. நாலாவது கட்டம்கூட மறக்கல. ஒரு தாளு குடுத்தாரு, படிச்சேன். எங்க பொறந்தீங்கன்னாரு, எஸ்டேட் பேரச் சொன்னேன். அவருகூட சிரிச்சாரு.”

“நல்லதுக்கா. வேற?”

“பிலா டாத்தாங் மலேசியான்னாரு. டாண்ணு சொல்லிட்டேன். டுவா ரிபு திகா பெலாஸ்.”

சேகர் பிரேக்கை மிதித்தார். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான்.

“அக்கா, அது நான் வந்த வருஷம்.”

அக்காவின் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கியது. “ஆமால்ல” என்றார். “கேட்டதும் வாய் தானா சொல்லிருச்சி. நான்… நான் எப்ப வந்தேன்?” பிறகு மிகவும் சின்னக் குரலில், “நான் எங்கருந்து வந்தேன்?” என்றார். “அவரு எழுதிக்கிட்டாரு, புள்ள. நான் பாத்தேன். எழுதிக்கிட்டாரு.”

எனக்கு யார் மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லை. பாட்டுக் கட்டிய பையன் மேலா, சொல்லிக்காட்டிய என் மேலா, இந்த மண்ணில் பிறந்தவரிடம் எப்போது வந்தாய் என்று கேட்கிற தாளின் மேலா? சேகர், “லெட்டர் வந்தா அப்ப பாத்துக்கலாம்” என்று ஆரம்பித்தார். “காடியைத் திருப்புங்க” என்றேன். என் குரலைக் கேட்டு மறுபேச்சில்லாமல் திருப்பினார்.

அலுவலகத்தில் மதிய இடைவேளை. காவலாளி புது எண் எடுக்கச் சொன்னார். எண் கொடுக்கும் இயந்திரத்தை அணைத்துவிட்டார்கள். மத்தியானத்துக்குப் பிறகு வரச் சொன்னார். வந்தாலும் நேர்காணல் முடிந்தவர்களுக்குக் கவுண்டர் இல்லை என்றார். நானும் அக்காவும் நின்றுகொண்டிருந்தபோது, கையில் குளிர்பானப் பொட்டலத்தோடு ஓர் இளைஞர் படியேறி வந்தார். “அவருதான்” என்று அக்கா என் முழங்கையை இடித்தார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த மாதிரி இடங்களில் நான் வாயைத் திறப்பதே இல்லை. என் அனுமதியும் ஏதோ ஒரு மேசையில்தான் இருக்கிறது. எந்தச் சொல் எங்கே போய் எதைக் கெடுக்கும் என்ற பயம். பேசுவதெல்லாம் எப்போதும் அக்காதான். அன்றைக்கு அவர் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார், பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்துவிட்ட பிள்ளையைப் போல.

“என்சே” என்று கூப்பிட்டேன். ஐயா. அவர் நின்றார். எனக்குத் தெரிந்த மலாயில், என் பிள்ளைகள் சிரிக்கும் அந்த உச்சரிப்பிலேயே சொன்னேன்: “டியா தாக் டாத்தாங். சாயா யாங் டாத்தாங்.”

அவர் வரவில்லை. வந்தது நான்.

அதிகாரிக்கு முதலில் புரியவில்லை. அக்காவைக் காட்டினேன், என்னைக் காட்டினேன், டுவா ரிபு திகா பெலாஸ் என்று என் நெஞ்சில் தட்டிக் காட்டினேன். இவர் இங்கேயே பிறந்தவர், பயத்தில் என் வருடத்தைச் சொல்லிவிட்டார் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். என் அனுமதி அட்டையைக் கேட்பாரோ என்று நினைத்தேன். கேட்கவில்லை. அக்காவின் சிவப்பு அட்டையை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அவர் பொட்டலத்தில் இருந்த ஐஸ் எல்லாம் கரைந்திருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தத் தாளோடு வந்தார். வந்த நாள் என்ற கட்டத்தை வெறுமையாக விட முடியாதாம். ஏதாவது இருந்தாக வேண்டுமாம். என் வருடத்தை அடித்துவிட்டு, அக்காவின் பிறந்த தேதியையே அங்கேயும் எழுதியிருந்தார். பிறந்த நாள், அதற்குக் கீழே வந்த நாள், இரண்டும் ஒன்று. பக்கத்தில் அக்காவைக் கையெழுத்துப் போடச் சொன்னார். அக்கா நிறுத்தி நிதானமாகப் போட்டார். அதிகாரி என்னிடம் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனார்.

படியிறங்கும்போது அக்கா கேட்டார்: “என்னா சொன்னாரு?”

“காத்திருக்கச் சொல்றாருக்கா. எவ்ளோ நாளுன்னு தெரியாதாம்.”

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அத மட்டும் ஒம் பிள்ளைங்க எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்ல லா” என்றார்.